கடலுக்கு மணலை ஊட்டுவதா, இடுவதா? – ஒரு கலைச்சொல் இழை

சிம்மக்கல், திங்கள் இரவு

அன்புள்ள குழுமத்தாருக்கு,

பள்ளிப் பிள்ளைகளுக்கான அறிவியல் இதழ் ஒன்றுக்குக் கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். அலைச்சறுக்கு விளையாடுகிறவர்களுக்கு நல்ல அலை கிடைக்க வேண்டும் என்று கடலுக்குள் மணலைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதைப் பற்றியது. வைகையில் மணலைத் தேட வேண்டியிருக்கிற ஊரில் உட்கார்ந்துகொண்டு இதை எழுதுவதே ஒரு வேடிக்கைதான்.

சிக்கல் இதுதான். கடல் அரித்துப்போன கரையில் மணலைக் கொட்டி அகலமாக்குவதற்கு, கரைக்கு ஊட்டம் கொடுப்பது என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு சொல் புழங்குகிறது. 'கடற்கரை ஊட்டமளிப்பு' என்று எழுதி மகளிடம் படித்துக் காட்டினேன். "சத்துணவுத் திட்டமாம்மா?" என்றாள். அதோடு, கரையில் கொட்டுவதற்கும் கடலுக்குள் அலை உடைகிற இடத்தில் போடுவதற்கும் ஒரே சொல்லையே பயன்படுத்துகிறார்கள். நாமும் அப்படியே விடலாமா, தனிச்சொல் வேண்டுமா? வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது.

திருப்பரங்குன்றம், திங்கள் நள்ளிரவு

தனிச்சொல் கண்டிப்பாக வேண்டும் அக்கா. இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரான வேலைகள்.

அலை எப்போது உடையும்? தண்ணீரின் ஆழம், அலையின் உயரத்தைப்போல ஏறக்குறைய 1.3 மடங்காகக் குறையும்போது. ஒரு மீட்டர் அலை 1.3 மீட்டர் ஆழத்துக்கு வந்ததும் அடிப்பகுதி வேகம் குறைய, தலை முந்திக்கொண்டு கவிழ்ந்துவிடும். கடலடித் தரை கரைக்கு இணையாக ஒரே சீராகச் சரிந்திருந்தால், நேராக வருகிற அலையின் முழு நீளமும் ஒரே நேரத்தில் அந்த ஆழத்தைத் தொடும். மொத்தமும் ஒரே அடியாகக் கவிழும். சறுக்குகிறவருக்கு அதில் வேலையே இல்லை. தரை சற்றுச் சாய்கோணத்தில் அமைந்திருந்தால் முதலில் ஒரு முனை உடையும், அப்புறம் பக்கத்தில், அப்புறம் அதற்கடுத்து. கோரைப்பாயை ஓர் ஓரத்திலிருந்து சுருட்டிக்கொண்டு போவதுபோல. இன்னும் உடையாத பகுதியின் முகத்தில்தான் அவர் பக்கவாட்டில் ஓடிக்கொண்டிருப்பார்.

கரையில் மணல் கொட்டும்போது என்ன நடக்கிறது? குழாய் வழியே வந்து விழும் மணலை புல்டோசர் வைத்து நிரவி, ரோடு போடுவதுபோல நேர்க்கோடாக்கிவிடுகிறார்கள். கரை அகலமாகிறது, ஆனால் நீர் விளிம்பில் சரிவு செங்குத்தாகிறது. கொட்டிய மணல் பருமணலாக இருந்தால் இன்னும் செங்குத்து. கடலுக்குள் இருந்த மேடுபள்ளமும் மூடிப்போகலாம். அதுவரை தள்ளி உடைந்துகொண்டிருந்த அலை, காலடியில் வந்து தொப்பென்று விழும். குளிக்கிறவர்களின் கழுத்துக்கும் ஆபத்து. சில மாதங்களில் கடலே அதைத் திருத்திக்கொள்வதும் உண்டு. ஆக, கரையை வளர்க்கும் மணல் அலையைக் கெடுக்கலாம்; அதே மணலைக் கடலுக்குள் சரியான இடத்தில் சாய்வாகப் போட்டால் அலை பிறக்கும்.

இரண்டாவதற்கு 'அலைப்பார்' என்று வைக்கலாம் என்பது என் யோசனை. மணற்பார் மேல் உடையும் அலை.

செல்லூர் (பிறந்தது வேம்பார்), செவ்வாய் காலை

தம்பி, விளக்கம் அருமை. சொல் மட்டும் தப்பு.

எங்கள் பக்கம் பார் என்றால் கல். முத்துப்பார் என்று கேள்விப்பட்டிருப்பீர்களே, சிப்பி ஒட்டிக்கிடக்கும் பாறைத் தரை. மணலைப் போய்ப் பார் என்றால் எங்கள் ஊரில் வலையைப் போட்டுவிட்டுச் சிரிப்பார்கள். ஆங்கிலத்தில் மணல்மேட்டுக்கும் அதே ஓசையில் ஒரு சொல் இருப்பதால் வந்த மயக்கம் இது. போதாததற்கு, மதுரையில் பார் என்றால் பிள்ளைகளுக்கு எது நினைவுக்கு வரும் என்று நான் சொல்ல வேண்டாம்.

மணலுக்கு எங்களிடம் திட்டு, தீடை என்று இரண்டு சொல் இருக்கிறது. தனுஷ்கோடிக்கு அப்பால் தண்ணீருக்கு மேலே முதுகைக் காட்டிக்கொண்டு கிடக்கின்றனவே, அவை தீடை. வெளியே தெரியாமல் வள்ளத்தின் அடியில் தட்டுவதைத் திட்டு என்போம். உங்களுக்கு வேண்டியது திட்டு.

மேலூர், செவ்வாய் மாலை

அன்பர்களே,

பழைய சொல் கையில் இருக்கப் புதிதாக ஏன் அலைய வேண்டும்? நெய்தல் பாட்டுகளில் 'எக்கர்' என்று வருவது நினைவிருக்கும். அலை கொண்டுவந்து குவித்த மணல். 'இடுமணல்' என்று அதற்குப் பொருள் சொல்வார்கள். வயிற்றை எக்குகிறோமே, அந்த எக்குதான். 'அலையெக்கர்' என்று வைத்தால் இரண்டாயிரம் ஆண்டுத் தொடர்ச்சி கிடைக்கும்.

இன்னொன்று. மண்ணைக் கொட்டித் தண்ணீரை எதிர்கொள்வது மதுரைக்குப் புதிதல்ல. வைகை பெருகியபோது வந்தியின் பங்குக்கு மண் சுமக்க வந்த கூலியாளின் கதையை ஆவணி மூலத்தில் புட்டுத்தோப்பில் இன்றும் நடத்துகிறோம். அங்கே மக்கள் சொல்வது 'கரை அடைப்பது'. கரையில் மணல் கொட்டுவதைக் 'கரையடைப்பு' என்றே சொல்லிவிடலாமே.

சிம்மக்கல், செவ்வாய் இரவு

ஐயா, இடுமணல் என்ற சொல்லைப் பார்த்ததும் துள்ளிவிட்டேன். மற்ற இரண்டையும் பற்றிப் பிறர் சொல்லட்டும்.

இதற்குள் இன்னொரு சிக்கல். ஆற்று முகத்துவாரத்தில் கட்டிய சுவரால் ஒரு பக்கம் மறிபட்டுக் கிடக்கும் மணலைப் பம்பு வைத்து மறுபக்கம் அனுப்புவது பற்றியும் எழுத வேண்டியிருக்கிறது. 'மணல் கடத்தல்' என்று எழுதிவிட்டு உடனே அடித்துவிட்டேன். தாலுகா ஆபீசில் கொடுக்கிற புகார் மனு மாதிரி இருக்கிறது.

திருப்பரங்குன்றம், புதன் அதிகாலை

அக்காவின் மணல் கடத்தலைப் படித்துவிட்டுத் தூக்கம் போய்விட்டது. அதைப் பற்றித்தான் விரிவாகப் பேச வேண்டும், ஏனென்றால் இந்தக் கதையின் நாயகனே அதுதான்.

ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையில் கோல்ட் கோஸ்ட். அங்கே அலைகள் ஆண்டுக்குச் சுமார் 5 லட்சம் கன மீட்டர் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே நகர்த்துகின்றன. நம்மூர்க் கணக்கில், 100 கன அடி ஒரு யூனிட் என்றால், 1,76,000 யூனிட்டுக்கு மேல். 1960களில் ட்வீட் ஆற்று முகத்துவாரத்தில் படகுகளுக்காகச் சுவர்களை நீட்டினார்கள். மணல் தெற்கே மறிபட்டது, வடக்கே கரைகள் கரைந்தன. பல ஆண்டுகள் கழித்து, 2001இல் நிரந்தரப் பம்பு நிலையம் வந்தது. தெற்கே கடலுக்குள் நீளும் ஒரு மேடையிலிருந்து மணலை உறிஞ்சி, ஆற்றைத் தாண்டி வடக்கே அனுப்பினார்கள். விளைவு யாரும் அந்த அளவுக்கு எதிர்பாராதது. ஸ்னாப்பர் ராக்ஸ் முதல் கிர்ரா வரை ஏறத்தாழ 2 கிலோமீட்டருக்கு ஒரே தொடர்ச்சியான மணல் திட்டு. அதன்மேல் ஓரத்திலிருந்து வரிசையாக உடைந்துகொண்டே போகும் அலை. சூப்பர்பேங்க் என்று உலகமெங்கும் பெயர்.

ஆனால் கிர்ராவில் ஏற்கனவே புகழ்பெற்ற ஓர் அலை இருந்தது. தொடக்க ஆண்டுகளில் மணலைக் கூடுதலாக அனுப்பியதில் அது புதைந்துபோனது. அந்த ஊர்ச் சறுக்குக்காரர்களுக்கு எப்படி இருந்திருக்கும்! பின்னால் அளவைக் குறைத்த பிறகுதான் மெல்ல மெல்லத் திரும்பியது. ஒரே மணல்தான் ஓர் அலையைக் கொடுத்து இன்னொன்றை எடுத்துக்கொண்டது.

மணலை அள்ளினாலும் இதே கதிதான். ஸ்பெயினின் முந்தாக்காவில் ஆற்று முகத்துவார மணல் திட்டின்மேல் உடையும் அலை பெயர்பெற்றது. 2003 வாக்கில் கப்பல் வெளியேற வழிசெய்ய ஆற்றைத் தூர்வாரினார்கள். அலை கெட்டுப்போய், 2005இல் அங்கே நடக்க வேண்டிய உலகப் போட்டியை ரத்து செய்ய வேண்டியதாயிற்று. பிறகு கடல் மணலைக் கொண்டுவந்து சேர்த்தது, அலையும் வந்தது.

இப்போது மேலூர் ஐயாவுக்கு. வைகையில் போட்ட மண் போட்ட இடத்தில் நிற்க வேண்டும். வந்தியின் பங்கு அடைபடாமல் கிடந்ததற்குத்தான் பிரம்படி விழுந்தது. கடலில் கதை தலைகீழ். போட்ட மணல் போக வேண்டும் என்றே போடுகிறோம். அலை அதை எடுத்துப் பரப்பும், அந்தப் பரப்பில்தான் பயன். ஆகவே 'அடைப்பு' ஒட்டாது. நெதர்லாந்தில் தி ஹேக் நகருக்கு அருகே 2011இல் 2.15 கோடி கன மீட்டர் மணலைக் கொக்கி வடிவில் ஒரே இடத்தில் குவித்துவிட்டு, மீதியைக் காற்றும் அலையும் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டார்கள். ஏறக்குறைய 76 லட்சம் யூனிட். அது அலைச்சறுக்குக்காக அல்ல, கரைக்காக. ஆனால் கருத்து அதே.

பம்பு வேலைக்கு 'மணல் தாண்டல்' எப்படி? சுவரைத் தாண்ட முடியாத மணலைத் தாண்ட வைக்கிறோம்.

பின்குறிப்பு: பார் என்றதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன் அண்ணாச்சி.

செல்லூர், புதன் காலை

> அலையெக்கர்

ஐயா கோபித்துக்கொள்ளக் கூடாது. அந்தப் பாட்டுகளில் எக்கர் மேல் அடும்பு படர்ந்து பூத்திருக்கும் அல்லவா? அதே அடப்பங்கொடி இன்றும் எங்கள் ஊர் மணல்மேட்டில் கிடக்கிறது. தண்ணீருக்கு அடியில் அது முளைக்காது. எக்கர் மேலே இருப்பது, நமக்கு வேண்டியது கீழே இருப்பது.

ஆனால் தம்பி சொன்ன அந்த ஹேக் மணல் குவியல் இருக்கிறதே, அதற்கு எக்கரை விடப் பொருத்தமான சொல் கிடைக்காது.

நாகமலை, புதன் இரவு

தாமதமாக வருகிறேன், விடைத்தாள் திருத்தும் வேலை. நான் புவியியல் டீச்சர், கடல் பொறியியல் தெரியாது. ஆனால் 'ஊட்டம்' என்பதை எல்லோரும் சேர்ந்து விரட்டிவிட்டீர்கள் என்று தோன்றுகிறது.

தமிழ்நாட்டுக் கிழக்குக் கரையிலும் ஆண்டுக் கணக்கில் பார்த்தால் மணல் வடக்கு நோக்கித்தான் போகிறது. சென்னைத் துறைமுகம் வந்த பிறகு தெற்கே மெரினா அகலமானது, வடக்கே ராயபுரம் பக்கம் கடல் வீடுகளை நெருங்கியது. புதுச்சேரியில் 1980களில் துறைமுகச் சுவர்கள் கட்டியதும் நகரத்தின் கடற்கரை போய்க் கல்லடுக்குதான் மிஞ்சியது. அண்மை ஆண்டுகளில் தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் கடலுக்குள் மூழ்கிய தடுப்பு ஒன்றை வைத்த பிறகுதான் தலைமைச் செயலகத்தருகே மணலைப் பார்க்க முடிந்தது.

இப்படிப்பட்ட இடத்தில் ஒருமுறை மணல் கொட்டினால் முடிந்துவிடுமா? கடல் தின்னும். சில ஆண்டுகளில் திரும்பக் கொட்ட வேண்டும், பிறகும் கொட்ட வேண்டும். கைக்குழந்தைக்குச் சோறு ஊட்டுவது போலத்தான். 'இடல்' என்றால் ஒரு தடவை வேலை போலத் தோன்றுகிறது. காண்டிராக்டர் பில் வாங்கிக்கொண்டு போய்விடுவார். 'ஊட்டு' என்பதில் நாளையும் ஊட்ட வேண்டும் என்ற பொறுப்பு இருக்கிறது. சத்துணவு போலத் தோன்றுவது 'ஊட்டமளிப்பு' என்ற நீட்டலால்தான். 'மணலூட்டல்' என்று வைத்துப் பாருங்கள். எதை ஊட்டுகிறோம் என்பதும் தெரிந்துவிடுகிறது.

அலை மொத்தமாகக் கவிழ்வது, ஓரமாகக் கவிழ்வது, இவற்றுக்கெல்லாம் தனிச்சொல் தேட வேண்டாம். 'மொத்தமாகக் கவிழும் அலை' என்று எழுதினால் ஏழாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரியும்.

திருப்பரங்குன்றம், புதன் இரவு

டீச்சர் சொல்வதை ஒப்புக்கொள்கிறேன். திரும்பத் திரும்ப என்பதை நான் யோசிக்கவில்லை. ஆனால் கரைக்கு மட்டும். அலைக்காகப் போடுவதை ஊட்டல் என்று சொல்லக் கூடாது. அங்கே அளவைவிட வடிவம் முக்கியம்.

சிம்மக்கல், வியாழன் இரவு

நான்கு நாட்களாக இட்லி மாவு புளிப்பதைக்கூடக் கவனிக்காமல் இதையே படித்துக்கொண்டிருந்தேன். கட்டுரை எழுதுகிறவள் என்ற உரிமையில் முடிவு எடுத்துவிட்டேன். கரைக்கு டீச்சரின் மணலூட்டல். நான் முதலில் சிரித்த ஊட்டத்துக்கே திரும்பி வந்திருக்கிறேன், ஆனால் இப்போது காரணத்தோடு. பம்பு வேலை மணல் தாண்டல். கொண்டுபோய்ப் போடும் மணல் இடுமணல். பழைய பாட்டில் அலை இட்டது, இங்கே நாம் இட்டு அலையிடம் ஒப்படைக்கிறோம், அவ்வளவுதான் வித்தியாசம். அலை உடைவதற்காகக் கடலுக்குள் உருவாக்குவது அலைத்திட்டு. இங்கிலாந்தின் பாஸ்கம்பில் 2009இல் மணல் பைகளை அடுக்கிச் செய்த மேடும் கட்டுரையில் வருகிறது. எதிர்பார்த்த அலை கிடைக்காமல், இரண்டே ஆண்டில் பைகளும் சேதமடைந்த கதை. அதையும் அலைத்திட்டு என்றே எழுதினேன். பையில் இருந்தாலும் மணல் மணல்தானே.

அச்சுக்குப் போகும் பத்தி இது:

"கடல் அரித்த கரைக்கு மணலூட்டல் செய்தால் கரை அகலமாகும். ஆனால் இடுமணலை நேர்க்கோடாக நிரவிவிட்டால், கரையோரம் செங்குத்தாகி, மொத்தமாகக் கவிழும் அலைதான் மிஞ்சும். அதே மணலைக் கொஞ்சம் உள்ளே தள்ளி, வரும் அலைக்குச் சாய்வாக இட்டால் அலைத்திட்டு உருவாகும். ட்வீட் ஆற்று முகத்துவாரத்தருகே மணல் தாண்டலுக்காக வைத்த பம்பே அப்படியொரு நீண்ட அலைத்திட்டை உண்டாக்கியது. பக்கத்து ஊரின் அலையைப் புதைத்ததும் அதுதான்."

ஹேக் எக்கரைத் தனிப் பெட்டிச் செய்தியாகப் போடுகிறேன் ஐயா. ஏதாவது பிழை இருந்தால் காலை பத்து மணிக்குள் சொல்லுங்கள்.

மேலூர், வெள்ளி காலை 6.10

அம்மா, பத்தி நன்று. ஒன்றே ஒன்று. தலைப்பில் அச்சுக்கோப்பவர் 'அலை திட்டு' என்று பிரித்துப் போட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நடுவில் அந்த 'த்' இல்லாவிட்டால், கடல் யாரையோ திட்டுகிறது என்று பிள்ளைகள் படிப்பார்கள்.