29 இன்ச் வீல் சைக்கிளை சிங்கிள் ஸ்பீடா மாத்தினேன், ஏத்தத்துல குதிக்குது. அவசர உதவி!

செம்மண்_சட்டை:
எல்லாருக்கும் வணக்கம். ஞாயித்துக்கிழமை காலைல பெங்களூர் துரஹள்ளி காட்டுக்கு ஓட்டப் போறோம், அதுக்குள்ள தீர்வு வேணும். போன வாரம் என் எம்டிபியை (மலைப்பாதை சைக்கிள்) சிங்கிள் ஸ்பீடா, அதாவது ஒரே கியர் வண்டியா மாத்தினேன். கியர் சாமான் எல்லாம் கழட்டியாச்சு, புது செயினும் போட்டாச்சு. சமதளத்துல சத்தமே இல்லாம ஓடுது. ஏத்தத்துல எழுந்து நின்னு மிதிச்சா 'டக்'னு ஒரு குதி, பெடல் அப்படியே கீழ விழுது. நேத்து முட்டி போய் ஹேண்டில்பாரைப் பிடிக்கிற ஸ்டெம்ல இடிச்சு வீங்கிடுச்சு. என்ன பண்ணலாம்?

பிடிஎம்_பெடல்:
முன்னாடி எத்தனை பல், பின்னாடி எத்தனை பல்? பின் வீல் உக்கார்ற ட்ராப்அவுட் கீழ பாத்து திறந்திருக்கா, பின்பக்கமா? செயினை இழுத்துப் பிடிக்கிற டென்ஷனர் உண்டா? போட்டோ போடுங்க ப்ரோ, ஜோசியமா பாக்க முடியும்?

அல்சூர்_எக்ஸ்பிரஸ்:
போட்டோவே வேணாம். ஃப்ரீஹப் போச்சு, அதான் மிதிச்சா வீலைப் பிடிச்சு மிதிக்காதப்ப விடுற பின் ஹப் பாகம். போன மழைல எனக்கும் இதேதான். உள்ள சேறு புகுந்து கொக்கி ரெண்டும் ஒட்டிக்கிச்சு. ஹப்பை மாத்துங்க, வேலை முடிஞ்சுது.

எஃகு_சட்டம்:
இதே கேள்விக்கு நானே பல தடவை பதில் எழுதியிருக்கேன். தேடிப் பாக்க ஒரு நிமிஷம் ஒதுக்கக் கூடாதா? செயின் லைன் தப்பு. முன் பல்லும் பின் பல்லும் ஒரே நேர்கோட்டுல இல்லாம ஸ்பேசரை (இடைவெளி வளையம்) அள்ளிப் போட்டிருப்பீங்க. சிங்கிள் ஸ்பீடுன்னே செஞ்ச சட்டத்துல ட்ராப்அவுட் பின்பக்கம் திறந்திருக்கும், வீலை இழுத்து வெச்சு செயினை விறைப்பாக்கலாம். இல்லன்னா மிதி அச்சை முன்ன பின்ன நகத்தற எக்சென்ட்ரிக் பாட்டம் பிராக்கெட் இருக்கும். கியர் வண்டியைக் கழட்டி வெச்சுட்டு அதுக்கு சிங்கிள் ஸ்பீட்னு பேர் வெக்கிறது புலி வேஷம் கட்டுற கதைதான்.

செம்மண்_சட்டை:
சாரி, ஆபீஸ்ல இருக்கேன். 2017ல வாங்கின வண்டி, பின்னாடி 8 கியர் இருந்துச்சு. ட்ராப்அவுட் கீழ பாத்தது. ஸ்ப்ரிங் டென்ஷனர் போட்டிருக்கேன். முன்னாடி 32, பின்னாடி 18னு நினைக்கிறேன். போட்டோ ராத்திரி.

கோலார்_காத்து:
32க்கு 18 துரஹள்ளி பாறைக்கு கனம் ப்ரோ. 26 இன்ச்ல எல்லாரும் சொல்ற 32க்கு 16ஐ கணக்கு போட்டா 32÷16×26 = 52. இந்த எண் பெருசானா மிதி கனம். அதே கனத்துக்கு 29ல 18 வருது, 51.6. பின்னாடி 20 போட்டா 46தான். மிதி லேசானா செயின் மேல விழுற இழுவையும் குறையும், குதிக்கறதும் குறையலாம்.

முழுஅடி_மூச்சு:
இதுக்குத்தான் சொல்றேன், 29 எதுக்கு? நம்மாளுங்க உயரத்துக்கு 26 தாராளம். பெரிய வீலு, பெரிய கனம், திருப்பறதுக்குள்ள விடிஞ்சிடும்.

கோலார்_காத்து:
2012 லண்டன் ஒலிம்பிக்ஸ் எம்டிபி பந்தயத்துல செக் வீரர் யாரொஸ்லாவ் குல்ஹாவி 29ல ஓட்டித்தான் தங்கம் எடுத்தார். 27.5ல வந்த ஸ்விஸ் வீரர் நினோ ஷுர்டர் 1 செகண்ட்ல ரெண்டாவது. அந்த ஷுர்டரே 2016 ரியோல 29க்கு மாறித் தங்கம் எடுத்தார்.

முழுஅடி_மூச்சு:
அவங்க கால் வேற, நம்ம கால் வேற. நான் அலுவலகம் முடிஞ்சு அவலஹள்ளிப் பக்கம் அரை மணி நேரம் ஓட்டுறவன். எனக்கு எதுக்கு ஒலிம்பிக்ஸ் கதை?

பிடிஎம்_பெடல்:
29ன்னு பேர்தான் புதுசு, ரிம் பழசு. ரோட் வண்டியோட 700சி வீலுக்கும் ரிம் விட்டம் அதே 622 மில்லிமீட்டர்தான். டயர்தான் குண்டு. சரி, வீல் சண்டையைத் தனியா வெச்சுக்கங்க. இவர் முட்டி வீங்கி உக்காந்திருக்கார்.

தர்மபுரி_செயின்:
அண்ணே, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். செயின் புதுசுன்னு சொன்னீங்க. அந்த 18 பல்லு சக்கரம் புதுசா வாங்கினதா, பழைய கேசட்டைப் (பின் கியர் பல் அடுக்கு) பிரிச்சு எடுத்ததா?

எஃகு_சட்டம்:
அதெல்லாம் ரெண்டாம்பட்சம் தம்பி. முதல்ல செயின் லைன்.

தர்மபுரி_செயின்:
பழசுன்னா அதுதான் வியாதி. வருஷக்கணக்கா ஒரே பல்லுல ஓட்டினா அது பழைய செயினுக்கு ஏத்த மாதிரி தேஞ்சிடும். பல்லு ஒரு பக்கம் சாஞ்சு, சுறா துடுப்பு மாதிரி நிக்கும். புது செயின் அதுல அடி வரைக்கும் உக்காராது. சும்மா சுத்தும்போது தெரியாது, அழுத்தி மிதிக்கும்போது மேல ஏறித் தாண்டிடும். போதாததுக்கு, கேசட் பல்லே குட்டையாத்தான் இருக்கும். கியர் மாறும்போது செயின் சுலபமா தாவணும்னே பக்கத்துல வெட்டு விட்டிருப்பாங்க. சிங்கிள் ஸ்பீட் பல்லு நெட்டையா, வெட்டு இல்லாம இருக்கும்.

ஃப்ரீஹப்பா பல்லான்னு கடைக்குப் போகாமயே பாக்கலாம். முன் வீலை சுவத்துல முட்டக் குடுங்க, பின் பிரேக்கை இறுக்கிப் பிடிங்க, பெடல் மேல முழு கனத்தையும் வெச்சு அழுத்துங்க. வேற யாராவது பின்னாடி உக்காந்து பாக்கட்டும். செயினும் பல்லும் சேர்ந்து நகந்து வீல் மட்டும் நின்னா ஃப்ரீஹப். பல்லு நின்னு செயின் மட்டும் மேல ஏறினா பல்லு.

அப்படியே டென்ஷனர் செயினைக் கீழ தள்ளுதா மேல தள்ளுதான்னும் பாருங்க. மேல தள்ளினா பின்னாடி இன்னும் ரெண்டு பல்லாவது பிடிக்கும்.

எஃகு_சட்டம்:
சைக்கிள் கடை வைத்தியம்.

தர்மபுரி_செயின்:
ஆமாங்க சார், எங்க அப்பா கடைல கத்துக்கிட்டதுதான்.

அல்சூர்_எக்ஸ்பிரஸ்:
சுவத்துல முட்டறதெல்லாம் வேணாம், ஹப்பைத் திறந்து பாருங்க.

பிடிஎம்_பெடல்:
போட்டோ என்னாச்சு?

பிடிஎம்_பெடல்:
ஆள் இருக்காரா?

முழுஅடி_மூச்சு:
துரஹள்ளில தள்ளிக்கிட்டு நடந்திட்டிருப்பார். 26 வாங்கியிருந்தா…

கோலார்_காத்து:
26க்கு இப்ப நல்ல டயர் கிடைக்குதான்னு முதல்ல கடைல கேட்டுட்டு வாங்க, அப்புறம் பேசுவோம்.

செம்மண்_சட்டை:
மன்னிக்கணும், லேட்டாயிடுச்சு. சனிக்கிழமை ராத்திரி சுவத்துல வெச்சு அழுத்தினேன், தம்பி டார்ச் அடிச்சான். "அண்ணா, செயின் மேல ஏறுது"ன்னு கத்தினான். பழைய கேசட் பல்லுதான், 2017ல இருந்து பெரும்பாலும் அதுலயே ஓட்டியிருக்கேன். பக்கத்து வண்டிக்காரர்கிட்ட சிங்கிள் ஸ்பீட் பல்லு 20 ஒண்ணு சும்மா கிடந்துச்சு, வாங்கிப் போட்டேன். அது கொஞ்சம் தடிமன், அதனால ஸ்பேசரும் ஒண்ணு மாத்தி வெச்சேன். ஞாயிறு போயிட்டு வந்தேன், ஒரு தடவை கூட குதிக்கல. தர்மபுரி தம்பிக்கு நன்றி. டீம் மீட்டிங் இருக்கு, வரேன்.

எஃகு_சட்டம்:
ஸ்பேசர் மாத்தினதா நீங்களே எழுதியிருக்கீங்க. முதல் பதிவுல நான் சொன்னது அதுதான், செயின் லைன்.

தர்மபுரி_செயின்:
சரிங்க சார். அண்ணே, 18ல இருந்து 20 போட்டிருக்கீங்க, செயின் நீளம் பத்துச்சா? டென்ஷனர் கை எவ்வளவு தூரம் இழுபட்டு நிக்குது?

அல்சூர்_எக்ஸ்பிரஸ்:
எதுக்கும் ஃப்ரீஹப்பை ஒரு தடவை திறந்து பாத்துடுங்க.