மறுமொழி: கட்டடக் கலைச்சொற்கள் – ஹஸார்டு, ரிஸ்க் இரண்டுக்கும் ‘இடர்’தானா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

கட்டடப் பாதுகாப்புச் சொற்களுக்குத் தமிழ் தேடும் இந்த இழையில், மல்டி ஹஸார்டுக்கு (வெள்ளம், காற்று, நில அதிர்வு எனப் பல ஆபத்துகள்) குழும ஐயா ஒருவர் தந்த ‘பல்லிடர்’ எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் அவருடைய அதே மடலில் ரிஸ்க்கும் (சேதம் நேரக்கூடிய அளவு) ‘இடர்’ என்றே வருகிறது. ‘பல்லிடர் இடர் மேலாண்மை’ என்று அச்சிட்டால் படிப்பவர் அச்சுப்பிழை என்று நினைப்பார்.

எங்கள் வேலூர்ப் பக்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2021 நவம்பரில் பாலாற்றில் பெருவெள்ளம். 19ஆம் தேதி பேரணாம்பட்டில் கனமழையில் வீடு இடிந்து, குழந்தைகள் உட்பட 9 பேர் இறந்துபோனார்கள். 29ஆம் தேதி விடியற்காலையில் 3.6 அளவில் ஒரு நில அதிர்வு. 3.6 என்பது சின்ன அதிர்வுதான், ஒழுங்காகக் கட்டிய வீட்டை அசைத்துவிட்டுப் போய்விடும். மண் சாந்து வைத்துக் கட்டி, மாதம் முழுக்க மழையில் ஊறிய பழைய சுவருக்கு அப்படிச் சொல்ல முடியாது. மழை தெருவுக்கே பொது, அதிர்வு ஊருக்கே பொது. சேதம் மட்டும் வீட்டுக்கு வீடு மாறும். பொதுவாக வருவதை ‘இடர்’ என்போம். வீட்டுக்கு வீடு மாறுவதற்கு வேறு சொல் வேண்டும்.

அந்த ரிஸ்க்குக்கு நான் முன்வைப்பது ‘சேதவாய்ப்பு’. வாய்ப்பு நல்லதற்குத்தானே வரும் என்று யாராவது கேட்பீர்கள். ‘புயலுக்கு வாய்ப்பு’ என்று வானிலை அறிக்கையில் அடிக்கடி கேட்கிறோம், யாரும் முகம் சுளிப்பதில்லை. எளிதில் சேதப்படும் தன்மையைச் சொல்லும் வல்னரபிலிட்டிக்கு ‘நலிவு’ போதும். இடர் வரும் இடத்தில் இருப்பதைச் சொல்லும் எக்ஸ்போஷருக்கு ‘ஆட்படல்’ என்று எழுதிப் பார்த்தேன், அவ்வளவு திருப்தியில்லை; நல்லது கிடைத்தால் மாற்றிவிடலாம்.

இந்தப் பிரிப்பு நாமாகக் கற்பிப்பதல்ல. ஒன்றிய அரசின் கட்டுமானப் பொருள், தொழில்நுட்ப நிறுவனமான பி.எம்.டி.பி.சி. 1997இல் முதலில் வெளியிட்டு, 2019இல் மூன்றாம் பதிப்பாகக் கொண்டுவந்த வல்னரபிலிட்டி அட்லஸைப் பாருங்கள். நில அதிர்வு, காற்று, வெள்ளம் பற்றிய வரைபடங்கள் ஒரு பக்கம். சுவர் மண்ணா செங்கல்லா, கூரை ஓடா கான்கிரீட்டா என்று மாவட்டவாரியான வீட்டுக் கணக்கு இன்னொரு பக்கம். முதலாவது இடர், இரண்டாவது நலிவு. இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் சேதவாய்ப்பு தெரியும். நில அதிர்வைத் தாங்கும் வடிவமைப்புக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 1893, அதன் 2016ஆம் ஆண்டுப் பதிப்பில் வேலூரை 3ஆம் நில அதிர்வு மண்டலத்தில் (மிதமான அதிர்வுப் பகுதி) வைத்தது. அது மட்டும் தெரிந்தால் என் வீட்டைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது.

அடுத்து, மல்டி ஹஸார்டுக்கே குழும அம்மா ஒருவர் எழுதிய ‘கூட்டிடர்’. இதில் எனக்கு உடன்பாடில்லை. எல்லாம் சேர்ந்தாற்போல் வந்து தாக்கும் என்ற எண்ணத்தை அது கொடுக்கிறது. வடிவமைப்பில் அப்படிக் கணக்குப் போடுவதில்லை. நில அதிர்வும் பெருங்காற்றும் உச்ச வெள்ளமும் ஒரே நேரத்தில் நேராது என்று கொள்ளச் சொல்வதே அந்த ஐ.எஸ். 1893தான். தனித்தனியாகச் சரிபார்க்க வேண்டும், எதிலும் கட்டடம் தோற்கக்கூடாது. ஆகவே ‘பல்லிடர்’தான் சரி.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. ஓர் இடருக்குச் செய்யும் காப்பு இன்னொன்றுக்கு வினையாகிவிடும். காற்றில் பறக்காமலிருக்கக் கூரை கனமாக இருப்பது நல்லது. அதிர்வில் அந்தக் கனமே சுவரைத் தள்ளும். பாலாற்றங்கரையில் வெள்ளத்துக்குப் பயந்து வீட்டைத் தூண் மேல் ஏற்றி, கீழ்த்தளத்தை வண்டி நிறுத்தத் திறந்துவிடுகிறார்கள். தண்ணீருக்கு அது சரி. ஆனால் 2001 புஜ் பூகம்பத்தில் அகமதாபாத்தில் விழுந்த பல அடுக்குமாடிகள் அப்படிக் கீழ்த்தளம் திறந்திருந்தவைதான். இந்த இழுபறிக்கு ‘முரண்காப்பு’ என்று ஒரு சொல் வைக்கலாமா?

எதிர்ப்பக்கமும் உண்டு. ஜன்னல் மேல்மட்டத்தில் எல்லாச் சுவரையும் சுற்றி ஓடும் கம்பி கட்டிய கான்கிரீட் பட்டை, காற்றுக்கும் அதிர்வுக்கும் சேர்த்தே உதவும். அதற்கு நம் மேஸ்திரிகள் வைத்திருக்கும் பெயர் ‘பெல்ட்’. தயவுசெய்து அதைக் ‘கிடைமட்ட வலுவூட்டு வளையம்’ என்றெல்லாம் மாற்ற வேண்டாம். சாரத்தில் நிற்பவருக்குப் புரியாத கலைச்சொல் யாருக்காக?

இப்போதைக்குப் பட்டியலில் ஹஸார்டு – இடர், மல்டி ஹஸார்டு – பல்லிடர், வல்னரபிலிட்டி – நலிவு, ரிஸ்க் – சேதவாய்ப்பு என்று ஏற்றலாம் என்பது என் கருத்து. ‘ஆட்படல்’, ‘முரண்காப்பு’ இரண்டுக்கும் மறுப்பு இருந்தால் இந்த இழையிலேயே எழுதுங்கள். மற்றக் குழும நண்பர்கள், உங்கள் ஊரில் கடைக்கால் மட்டத்துப் பெல்ட்டுக்குத் தனிப்பெயர் உண்டா என்றும் விசாரித்துச் சொல்லுங்கள்.

அன்புடன்,
வேலூரிலிருந்து