மறு: 'அன்மீட்டர்டு ஏர்': காற்றுக்கசிவு என்றால் சரிவருமா?

குழும அன்பர்களுக்கு வணக்கம்.

'அன்மீட்டர்டு ஏர்', அதாவது காற்றை அளக்கும் சென்சாரைக் கடக்காமல் எஞ்சினுக்குள் புகும் காற்று. இதற்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழையை முதல் மடலிலிருந்து படித்துவிட்டேன். இதுவரை வந்தவை: காற்றுக்கசிவு, அளவிலாக் காற்று, புறக்காற்று, கள்ளக்காற்று. இவற்றில் 'அளவிலா' என்றதும் எல்லையற்றது என்ற பொருள்தான் முந்திக்கொண்டு வரும். எனவே அதை விட்டுவிடலாம். மற்ற மூன்றையும் வண்டியின் மேல் வைத்துப் பார்த்தால்தான் எது நிற்கும் என்று தெரியும்.

> ஏதோ ஒரு ஹோஸில் ஓட்டை, அதன் வழியாகக் காற்று போகிறது. 'காற்றுக்கசிவு' என்று எளிமையாகச் சொல்லலாமே.

ஐயா, எளிமை எனக்கும் பிடிக்கும். ஆனால் கசிவு என்றால் உள்ளிருப்பது வெளியே வருவது. தண்ணீர்க் கசிவு, எண்ணெய்க் கசிவு, வாயுக் கசிவு எல்லாமே அப்படித்தான். இங்கே நடப்பது நேர்மாறு. ஐட்லிங்கில் (வண்டி நின்றபடி எஞ்சின் மட்டும் ஓடும்போது) காற்று வழியைத் திறந்து மூடும் திராட்டில் கிட்டத்தட்ட மூடியிருக்கும். பிஸ்டன்கள் இழுத்துக்கொண்டே இருக்கும். சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் இன்டேக் மேனிஃபோல்டுக்குள் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். ஓட்டை இருந்தால் காற்று உள்ளேதான் பாயும். எங்கள் பக்கத்து மெக்கானிக்குகள் 'எங்கேயோ ஏர் இழுக்குது' என்றுதான் சொல்வார்கள். அந்த 'இழுக்குது' மிகச் சரி.

ஆனாலும் திசை மட்டும் என் மறுப்பு அல்ல. ஒரே ஓட்டை ஒரு வண்டியில் ஒரு நோயையும் இன்னொரு வண்டியில் வேறொரு நோயையும் கொடுக்கும். ஓட்டையை வைத்துப் பெயர் சொன்னால் இந்த வேறுபாடு மறைந்துவிடும்.

முதல் தலைமுறை ஸ்கோடா ஆக்டேவியா 1.8 டர்போவை எடுத்துக்கொள்வோம். ஏர் ஃபில்டர் பெட்டியைத் தாண்டியதும் 'மாஃப்' சென்சார் இருக்கிறது. நம் குழும வழக்கில் காற்றளவி. சூடாக்கிய ஒரு சிறு உறுப்பு காற்றோட்டத்தில் நிற்கும். காற்று அதைக் குளிர்விக்கும். சூட்டைக் காக்க எவ்வளவு மின்சாரம் தேவைப்படுகிறது என்பதைப் பார்த்து, போகிற காற்றின் நிறை கணக்கிடப்படும். அந்தக் கணக்குக்குத் தக்கபடி பெட்ரோல் போகும். ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற விகிதத்தை நோக்கித்தான் இத்தனை வேலையும். இந்த எஞ்சின் ஐட்லிங்கில் இழுப்பது விநாடிக்குச் சில கிராம் காற்றுதான். காற்றளவிக்குப் பின்னால் ஓர் ஓட்டை வழியாக அரை கிராம் புகுந்தாலும் விகிதம் கெட்டுவிடும். பெட்ரோல் போதாமல் ஆர்.பி.எம். (நிமிடத்துக்கான சுற்று) ஏறி இறங்கும், சிக்னலில் நின்றால் வண்டி அணைந்துவிடும்.

அதே அளவு ஓட்டையை 2000-களின் தொடக்கத்தில் வந்த ஹோண்டா சிட்டி விடெக்கில் போடுங்கள். அங்கே காற்றளவியே கிடையாது. மேனிஃபோல்டின் அழுத்தம், காற்றின் வெப்பநிலை, ஆர்.பி.எம். ஆகியவற்றிலிருந்து காற்று கணக்கிடப்படுகிறது. ஓட்டை வழியாகக் காற்று புகுந்தால் அழுத்தம் கூடும். அழுத்தம் கூடினால் கணக்கும் கூடும், பெட்ரோலும் கூடவே போகும். விளைவு: வண்டி அணையாது, ஐட்லிங் உயர்ந்து நிற்கும். அங்கே கூடுதல் காற்று உண்டு, கணக்கில் வராத காற்று இல்லை. இரண்டுக்கும் 'காற்றுக்கசிவு' என்று எழுதி வைத்தால் பாலிடெக்னிக் மாணவர் எதைப் புரிந்துகொள்வார்? 'புறக்காற்று'க்கும் இதே குறைதான். எஞ்சினுக்குள் போகிற எல்லாக் காற்றும் வெளியிலிருந்துதான் போகிறது.

ஆக, சொல் அளவியைப் பிடித்து நிற்க வேண்டும், ஓட்டையைப் பிடித்து அல்ல. அந்த வகையில் 'கள்ளக்காற்று' எனக்கு முழு உடன்பாடு.

> 'கள்ள' என்ற அடை கொச்சையாக இல்லையா? பாடநூலில் எப்படிப் போடுவது?

கள்ளவோட்டு, கள்ளச்சந்தை, கள்ளச்சாவி எல்லாம் செய்தித்தாளிலும் சட்டம் பற்றிய எழுத்திலும் நாள்தோறும் வருகின்றன. முறையான கணக்குக்குத் தப்பியது என்ற பொருளை நம் மொழி அந்த ஓர் அடையில் வைத்திருக்கிறது. நமக்குத் தேவையானதும் அதுதான். ஜெர்மன் மெக்கானிக்குகள் இதையே 'ஃபால்ஷ்லுஃப்ட்' என்கிறார்கள், பொய்க்காற்று என்று பொருள். அவர்கள் நூல்களில் கூசாமல் அச்சிடுகிறார்கள். நாமும் கூச வேண்டியதில்லை.

இனி ஒரு வேண்டுகோள். முந்தைய மடலில் ஒருவர், கோன் ஃபில்டரும் (கூம்பு வடிவ ஏர் ஃபில்டர்) அகலக் குழாயும் மாற்றிய பிறகு வரும் ஐட்லிங் கோளாறு முழுவதையும் கள்ளக்காற்று என்றே சொல்லிவிடலாம் என்றார். அது கூடாது. காற்றளவியைக் கழற்றி, பழைய குழாயைவிட 10 சதவீதம் விட்டம் கூடிய குழாயில் பொருத்தினால், குறுக்குப்பரப்பு 21 சதவீதம் கூடும். அதே அளவு காற்று மெதுவாகப் போகும். பழைய விட்டத்தை நம்பிக் கணக்குப் போடும் அளவி, வந்ததைவிடக் குறைவாகவே சொல்லும். ஓட்டையே இல்லை, காற்று முழுவதும் அளவி வழியாகத்தான் போகிறது, ஆனாலும் கணக்கு குறைகிறது. சுங்கச்சாவடியைச் சுற்றிக்கொண்டு சந்து வழியாகப் போகிற லாரி வேறு. சாவடிக்குள் வந்தும் எண்ணத் தவறிய லாரி வேறு. முதலாவது கள்ளக்காற்று. இரண்டாவதுக்குக் 'குறையளவு' என்ற சொல்லை முன்வைக்கிறேன். எண்ணெய் பூசிய பஞ்சு ஃபில்டரிலிருந்து எண்ணெய் பறந்து சூட்டுறுப்பில் படிந்தாலும் இந்தக் குறையளவு வரலாம்.

பிரித்துச் சொல்வது ஏன் முக்கியம் என்றால், ஸ்கேனரில் இரண்டும் ஒரே குறியீட்டைத்தான் காட்டும்: பி0171, கலவையில் பெட்ரோல் குறைவு. ஃபியூவல் ட்ரிம்மை, அதாவது கலவையைச் சரிசெய்ய எஞ்சின் கணினி பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டுகிறது அல்லது குறைக்கிறது என்பதை, பார்த்தால்தான் வேறுபாடு தெரியும். ஐட்லிங்கில் ட்ரிம் 20 சதவீதம் கூடுதலாக இருந்து, 2500 ஆர்.பி.எம்.மில் சுழியை நெருங்கினால் அது கள்ளக்காற்று. எஞ்சின் நிறைய இழுக்கும்போது அந்தச் சிறு ஓட்டையின் பங்கு அற்பமாகிவிடும். இரண்டு நிலையிலும் ட்ரிம் விடாமல் உயர்ந்தே இருந்தால் குறையளவைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும் (பெட்ரோல் பம்பு பலவீனமானாலும் இப்படிக் காட்டலாம் என்பதையும் நினைவில் வைக்கவும்). முதலாவதுக்குக் கிளாம்பை இறுக்குவது, எஞ்சின் அடிப்பெட்டியின் வாயுவை இன்டேக்குக்குக் கொண்டுபோகும் கிராங்க்கேஸ் மூச்சுக்குழாய் பழைய இடத்தில் சரியாகச் சேர்ந்திருக்கிறதா என்று பார்ப்பது, புகை விட்டுச் சோதிப்பது. இரண்டாவதுக்கு எவ்வளவு கிளாம்ப் இறுக்கினாலும் பயனில்லை. பழைய விட்டத்துக்குத் திரும்ப வேண்டும், இல்லையேல் இசியூவில் (எஞ்சின் கணினியில்) அளவியின் அட்டவணையை மாற்ற வேண்டும். ஓட்டையைத் தேடுகிறேன் என்று சூடான எஞ்சின் மேல் கார்ப் கிளீனர் அடிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். தீப்பிடிக்கும், தயவுசெய்து வேண்டாம்.

அகராதிப் பக்கத்துக்கு என் வரைவு:

கள்ளக்காற்று: காற்றளவியைக் கடக்காமல், அதற்கும் எஞ்சினுக்கும் இடையில் புகுந்து எரிபொருள் கணக்கைக் குலைக்கும் காற்று. எடுத்துக்காட்டு: 'புது இன்டேக் குழாயின் கிளாம்ப் தளர்ந்து கள்ளக்காற்று இழுக்கிறது.'

'ஐட்லிங்'குக்கு ஒருவர் 'செயலற்ற ஓட்டம்' என்று எழுதியிருந்தார். நிமிடத்துக்கு 800 சுற்று சுற்றும் எஞ்சினைச் செயலற்றது என்பது பொருந்தாது. 'வெற்றோட்டம்' பரவாயில்லை. அதற்குத் தனி இழை தொடங்கலாம்.

அப்புறம், இதன் மறுபக்கத்துக்கு இன்னும் பெயரில்லை. அதே ஆக்டேவியாவில் டர்போவுக்குப் பின்னால் உள்ள குழாயில் விரிசல் இருந்தால், பூஸ்ட் (டர்போ தரும் காற்றழுத்தம்) ஏறும்போது காற்று வெளியே பீறிடும். டர்போவின் மிகை அழுத்தத்தை வெளியில் ஊதும் புளோ-ஆஃப் வால்வு போட்டவர்களுக்கும், ஆக்சிலரேட்டரை விட்டதும் இதே கதை. அளவி எண்ணிய காற்று எஞ்சினுக்குப் போய்ச் சேரவில்லை. பெட்ரோல் மட்டும் முழுதாகப் போகிறது. வண்டி திணறிக் கரும்புகை விடுகிறது. 'நழுவுகாற்று' என்று எனக்குத் தோன்றுகிறது. பொருள் வருகிறது, ஆனால் ஷெட்டில் ஒருவர் வாய்விட்டுச் சொல்வாரா என்பதில் ஐயம் உண்டு. இதைவிட நல்லது தோன்றினால் இந்த இழையிலேயே எழுதுங்கள்.