உங்களை ‘ப்ரோ’ என்று கூப்பிட்டிருக்கிறார்களா? நடந்ததைச் சொல்லுங்கள்

சைதாப்பேட்டைவாசி:
எங்கள் தெருவில் தண்ணீர் கேன் போடும் பையன் முதல், கடன் வேண்டுமா என்று தொலைபேசியில் கேட்கும் முகம் தெரியாத குரல் வரை எல்லோருக்கும் நான் இப்போது ‘ப்ரோ’. வயது 58, தலை முழுக்க நரை. கடைக்காரர்கள் ‘தாத்தா’ என்று மெல்ல ஆரம்பித்த நேரத்தில் இந்தச் சொல் வந்து காப்பாற்றியது என்றே சொல்வேன். வீட்டம்மாவுக்கோ காதில் விழுந்தாலே எரிச்சல். “பெற்ற பிள்ளை வயது, ‘ஐயா’ என்று வாயில் வராதா?” என்கிறார். உங்கள் அனுபவம் எப்படி?

திருவல்லிக்கேணி:
என் மாமா இங்கே மேன்ஷன் நடத்துகிறார். வேலை தேடி வருகிறவர்கள், தேர்வுக்குப் படிக்கிறவர்கள் என்று அறைக்கு இரண்டு பேர், மூன்று பேர். பக்கத்துக் கட்டிலில் படுத்திருப்பவரின் வயது யாருக்கும் தெரியாது. ‘தம்பி’ என்று கூப்பிட்டு, அவர் இரண்டு வயது மூத்தவராக இருந்துவிட்டால் முகம் சுருங்கும். ‘அண்ணே’ என்றால் சிலருக்கு அதைவிடக் கோபம் வரும். முன்பெல்லாம் ‘சார்’ என்று ஒப்பேற்றினார்கள், பிறகு ‘ஜி’ வந்தது, இப்போது ‘ப்ரோ’. வயதைக் கணக்குப் போட வேண்டிய தொல்லை இல்லை. ஆனால் மரியாதை எங்கும் போய்விடவில்லை. காலையில் பொதுக் குளியலறை வாசலில் துண்டும் வாளியுமாக நிற்கிறவர், “ப்ரோ, குளித்து முடித்துவிட்டீர்களா?” என்றுதான் கேட்கிறார். ‘நீ’ என்று யாரும் சொல்வதில்லை. வாடகை பாக்கி வைத்தவரிடம் பேசும்போது மட்டும் மாமாவுக்கு அவர் ‘தம்பி’ ஆகிவிடுவார்.

மயிலாப்பூர்:
எங்கள் வீட்டில் நடந்தது வேறு கதை. தம்பி மகன் தொலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு, “ப்ரோ கீழே நிற்கிறார், லிஃப்ட் ஓடவில்லை, எப்படி மேலே வருவார்?” என்று சத்தமாகச் சொன்னான். கூடத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த பாட்டி நிமிர்ந்தார்.

“பீரோவா? யார் வாங்கச் சொன்னது? இருக்கிற பீரோவையே திறக்க இடமில்லை.”

யாரும் பதில் சொல்லவில்லை, அவனவன் தன் வேலையில் இருந்தான். பாட்டியே எழுந்து மூலையில் இருந்த அரிசி டிரம்மைக் காலால் நகர்த்தினார், நாற்காலியை வராந்தாவில் போட்டார், “மாடிப்படி திருப்பத்தில் சுவரைக் கீறிவிடப் போகிறார்கள், பார்த்துத் தூக்கச் சொல்” என்று உத்தரவும் போட்டார். மூன்று மாடி ஏறி, மூச்சு வாங்க, தோளில் ஒரு பையோடு ஒல்லியாக ஒரு பையன் வந்து நின்றான். பாட்டி அவனுக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, “பீரோ எங்கே?” என்றார். “நான்தான் பாட்டி” என்றான் அவன், தன்னைத்தான் கேட்கிறார் என்று நினைத்து.

அந்தப் பையனின் உண்மைப் பெயர் எங்கள் வீட்டில் யாருக்கும் நினைவில்லை. “பீரோவுக்கு இன்னொரு தோசை போடு” என்றுதான் பாட்டி சொல்வார்.

குரோம்பேட்டை, தமிழாசிரியை:
மயிலாப்பூர்ப் பாட்டியின் காதில் குறையே இல்லை. சொல்லின் முதலில் மெய்யெழுத்து வராது என்று தொல்காப்பியம் சொல்கிறது. ‘ப்’ என்று தொடங்கும் சொல்லைக் கேட்டதும் பாட்டியின் காது ஓர் உயிரைச் சேர்த்துக்கொண்டது. கிடைத்தது பீரோ. எங்கள் பள்ளிக்கு எதிரே இருக்கிற புரோட்டா கடை மாஸ்டர் ‘புரோ’ என்கிறார், அதுவும் அதே வழிதான். பீரோவும் ஒன்றும் நம் ஊர்ச் சரக்கு இல்லை, பிரெஞ்சுக்காரரின் மேசை இங்கே வந்து இரும்பு அலமாரி ஆயிற்று.

இன்னொன்று. ‘ப்ரோ’வை நேற்று முளைத்த சொல் என்று நினைக்க வேண்டாம். ‘பிரதர்’ என்பதைச் சுருக்கி எழுதும் வழக்கம் ஆங்கிலத்தில் 17ஆம் நூற்றாண்டிலேயே உண்டு. ரிச்சி தெருக் கடைகளில் இன்றும் கேட்கிற ‘பாஸ்’ டச்சு மொழியில் எஜமானனைக் குறித்த சொல். ‘டூட்’ என்பது 1880களில் நியூயார்க்கில் பகட்டாக உடுத்தித் திரிந்தவர்களைக் கேலி செய்யப் பிறந்தது. என் மாணவர்களிடம் இந்தக் கடைசிச் செய்தியைச் சொன்ன பிறகு வகுப்பில் ‘டூட்’ குறைந்திருக்கிறது. ‘ப்ரோ’ குறையவில்லை.

சோழிங்கநல்லூர்:
பெண்கள் பக்கமும் கொஞ்சம் கேளுங்கள். எங்கள் அணியில் புதிதாகச் சேர்ந்த பையன் என்னையும் ‘ப்ரோ’ என்றுதான் கூப்பிடுகிறான். எனக்கு அதில் வருத்தமே இல்லை. ஆண்களை எல்லாம் ‘ப்ரோ’ என்றும் என்னை மட்டும் ‘மேடம்’ என்றும் கூப்பிடுகிறவர்களிடம்தான் எனக்குச் சங்கடம். மதிப்பு மாதிரித்தான் தெரியும். ஆனால் சாயங்காலம் ப்ரோக்கள் எழுந்து டீக்கடைக்குப் போவார்கள், மேடத்தை யாரும் கூப்பிட மாட்டார்கள். அடுத்த வேலை யாருக்கு என்பது பாதி அந்த டீக்கடையிலேயே பேசி முடிந்திருக்கும். ‘சிஸ்டர்’ என்றால் நம் ஊரில் ஊசி போடுகிறவர் அல்லது கன்னியாஸ்திரீ. ‘சிஸ்’ என்று சிலர் முயன்று பார்த்தார்கள், எங்கள் அலுவலகத்தில் அது ஒட்டவே இல்லை.

சைதாப்பேட்டைவாசி:
டீக்கடை விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை. வீட்டில் வாசித்துக் காட்டினேன். “நான் சொன்னது வேறு, இந்தப் பெண் சொல்வது வேறு, ஆனால் இவள் சொல்வதுதான் சரி” என்கிறார்.

கோயம்பேடு:
ஆட்டோவை யாரும் சொல்லவில்லையே. 2013இல் அரசு வைத்த கட்டணம் முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதற்கு மேல் கிலோமீட்டருக்கு 12. மீட்டர் போடச் சொன்னால் வரும் பதிலின் முதல் சொல்லைக் கவனியுங்கள். “சார், கட்டாது சார்” என்றால் இன்னும் இருபது முப்பது குறைக்கலாம். “அண்ணே” என்றால் பத்து குறையும். “ப்ரோ, 150 கொடுத்துடுங்க ப்ரோ” என்று சிரித்துக்கொண்டே சொன்னால் பேரத்தை விட்டுவிட்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்துவிடுங்கள்.