மாணவர் ஃபார்முலா கார் அணியில் திட்டம் வகுக்க வேண்டியவர் தலைவரா, உட்குழுக்களா?

வரைபலகை:

நான் மூன்றாம் ஆண்டு இயந்திரவியல் மாணவன். மாணவர்களே சிறிய பந்தயக் காரை வடிவமைத்துக் கட்டிப் போட்டியில் ஓட்டும் எங்கள் கல்லூரியின் ஃபார்முலா கார் அணிக்கு இந்த ஆண்டு நான் தலைவன். சேசிஸ் (காரின் குழாய்ச் சட்டகம்), சஸ்பென்ஷன் (சக்கரங்களைச் சட்டகத்தோடு இணைக்கும் அமைப்பு), எஞ்சின், பிரேக், மின்னணுவியல் என ஐந்து உட்குழுக்களில் 28 பேர் இருக்கிறோம். கடந்த ஜனவரியில் போட்டிக்காகக் கோவை காரி மோட்டார் ஸ்பீட்வே பந்தயத் தடத்துக்குக் காரைக் கொண்டுசென்றபோது, பிரேக் பெடலைப் பொருத்தி முடித்து ஒரு நாள்கூட ஆகியிருக்கவில்லை. பிரேக் சோதனையில் நான்கு சக்கரங்களும் பூட்டிக்கொள்ள வேண்டும்; எங்கள் காரில் முன்சக்கரங்கள் மட்டுமே பூட்டிக்கொண்டன. முன்புறத்துக்கும் பின்புறத்துக்குமான அழுத்தத்தைச் சரிசெய்து தேர்ச்சி பெறுவதற்குள், அதிக மதிப்பெண் கொண்ட 22 கிலோமீட்டர் எண்டூரன்ஸ் (நெடுந்தூர) ஓட்டத்தில் சேரும் நேரம் கடந்துவிட்டது.

உட்குழுக்கள் தம் வேலையைத் தாமே திட்டமிட்டுக்கொள்ளலாம் என்று விட்டதே இதற்குக் காரணம் என்பது என் வாதம். அக்டோபரில் சேசிஸ் குழு, சஸ்பென்ஷனைத் தாங்கும் முன்புறக் கீழ் பிராக்கெட்டுகளை வெல்டிங் செய்து முடித்தது. அதற்கு முந்தைய வாரமே சஸ்பென்ஷன் குழு தன் வரைபடத்தில் அந்த இணைப்புப் புள்ளியை 6 மில்லிமீட்டர் மேலே நகர்த்தியிருந்தது. இரவு பதினொரு மணிக்கு ஏ-ஆர்மை (சக்கரத்தைச் சட்டகத்தோடு இணைக்கும் ‘A’ வடிவக் கையை) பொருத்திப் பார்த்தபோது போல்ட் துளைக்குள் இறங்கவில்லை. நான்கு பிராக்கெட்டுகளையும் கிரைண்டரால் அறுத்தெடுத்தோம். குழாயின் சுவர் மெலிந்துவிட்டதால் இரண்டு குழாய்களையும் மாற்ற வேண்டியதாயிற்று. அங்கே போன பன்னிரண்டு நாட்கள்தான் பிரேக் வேலையைப் போட்டிக்கு முந்தைய நாள்வரை தள்ளிக்கொண்டு வந்தன.

எனவே இந்த ஆண்டு ஒரே அட்டவணை இருக்கும், அதைத் தலைவன் எழுதுவான். ஜூலை 31-க்குப் பிறகு எந்த வரைபடத்தையும் என் அனுமதியின்றி மாற்றக் கூடாது. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பெயரும் ஒரு தேதியும் இருக்கும். இதை எதிர்ப்பவர்களின் காரணங்களைக் கேட்க விரும்புகிறேன்.

பட்டறைவாசி:

தம்பி, நான்கு ஆண்டுகள் இதே போட்டிக்குக் கார் கட்டியவன், அதில் ஓராண்டு தலைவனாகவும் இருந்தவன் என்ற முறையில் எதிர்க்கிறேன். உங்கள் பிராக்கெட் கதையையே எடுத்துக்கொள்வோம். நீங்கள் சொல்லும் அட்டவணை அப்போது இருந்திருந்தால் அதில் என்ன தெரிந்திருக்கும்? ‘சேசிஸ் வரைபடம்: முடிந்தது’, ‘சஸ்பென்ஷன் வரைபடம்: முடிந்தது’ என்று இரண்டு வரிகளும் பச்சையாக இருந்திருக்கும். இரண்டு குழுவினரும் தத்தம் வேலையைச் சொன்ன நாளில் முடித்தவர்களே. தவறு நடந்தது அவர்கள் வேலையில் அல்ல, இரண்டு வேலைகளும் சந்திக்கிற இடத்தில். அந்த இடம் எவருடைய பெயரிலும் இல்லை. பாகங்களைப் பட்டியலிடும் அட்டவணையை எவ்வளவு கண்டிப்பாக நடத்தினாலும் அதில் இணைப்புகள் தெரியமாட்டா.

இரண்டாவது, தலைவன் எழுதும் தேதிக்கு மாணவர்கள் ‘சரி அண்ணா’ என்று தலையாட்டுவார்கள். முடியாது என்பதைக் கடைசி நாளில்தான் சொல்வார்கள். நான் தலைவனாக இருந்த ஆண்டில் என் அட்டவணையின்படி ‘தொண்ணூறு விழுக்காடு முடிந்தது’ என்று மூன்று வாரமாக நின்ற வேலை, உண்மையில் தொடங்கப்படவே இல்லை. அந்தப் பையன் பொய்யன் அல்லன். அவனுக்கு அந்த மென்பொருள் தெரியாது, அதை என்னிடம் சொல்ல அவனுக்குத் துணிவில்லை. அவனே தேதியைக் குறித்திருந்தால் முதல் வாரத்திலேயே வந்து கேட்டிருப்பான்.

வரைபலகை:

இணைப்புகள் குறித்து நீங்கள் சொல்வதை மறுக்க முடியவில்லை, அண்ணா. ஆனால் அது அட்டவணை வேண்டாம் என்பதற்குக் காரணமாகாது; இணைப்புகளையும் வரிகளாகச் சேர்க்க வேண்டும் என்பதற்கே காரணமாகும். மேலும், இரண்டு குழுக்களும் தம் கணக்கே சரி என்று நின்றால் யார் முடிவு சொல்வது? அந்த இரவில் பட்டறையில் ஒன்பது பேர் நின்றோம். எந்தப் புள்ளியை வைத்துக்கொள்வது என்று தீர்மானிக்கும் அதிகாரம் ஒருவருக்கும் இல்லாததால், விடிய மூன்று மணிவரை வாக்குவாதம்தான் நடந்தது.

அளவுகோல்:

நான் ஒரு கல்லூரியில் இத்தகைய அணிகளுக்கு ஆசிரிய வழிகாட்டியாக இருக்கிறேன். தேதியை யார் எழுதுவது என்று இருவரும் வாதிடுகிறீர்கள். அந்தத் தேதி எங்கிருந்து வருகிறது என்பதை இருவருமே கேட்கவில்லை.

1994-இல் வெளியான ஓர் ஆய்வில், பூலர், கிரிஃபின், ராஸ் என்ற மூன்று உளவியலாளர்கள் இளநிலை ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த மாணவர்களிடம் எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரி விடை சுமார் 34 நாள். எல்லாமே கெட்டுப்போனால் எத்தனை நாள் என்றதற்குச் சுமார் 49 நாள் என்றார்கள். உண்மையில் சராசரியாக 55 நாளுக்கு மேல் ஆயிற்று. அதாவது மிக மோசமான நிலையை மனத்தில் வைத்துச் சொன்ன கணக்கையும் மிஞ்சிவிட்டது. தன் வேலைக்குத் தானே நாள் குறித்தவர்கள் இவர்கள் என்பதைப் பட்டறைவாசி கவனிக்க வேண்டும். தலைவன் குறித்தாலும் அதே மனம்தான் குறிக்கிறது என்பதை வரைபலகை கவனிக்க வேண்டும். நம்பத்தக்க ஒரே அளவு, சென்ற ஆண்டு அதே வேலைக்கு உண்மையில் எத்தனை நாள் ஆயிற்று என்பதுதான். உங்கள் பழைய வாட்ஸாப் குழுவிலேயே புகைப்படங்கள் தேதியோடு இருக்கும். ஓர் ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து அவற்றைத் தொகுத்துவிடுங்கள்.

நாட்காட்டியையும் நேர்மையாக எண்ணுங்கள். ஜூலை முதல் டிசம்பர்வரை 26 வாரம் என்று எழுதுகிறீர்கள். உள்மதிப்பீட்டுத் தேர்வுகள், நவம்பர்–டிசம்பர் செமஸ்டர் தேர்வு, ஆயுத பூஜைக்கும் தீபாவளிக்கும் லேத் பட்டறைகள் மூடியிருக்கும் நாட்கள் ஆகியவற்றைக் கழித்துப் பார்த்தபோது எங்கள் அணிக்குச் சென்ற ஆண்டு பதினாறு வாரம்தான் மிஞ்சியது. தீபாவளிக்கு முந்தைய வாரம் கொடுத்த ஆர்டர் எப்போது வரும் என்பதைக் கோவையில் கார் கட்டிய எவரும் அறிவர்.

இன்னொன்று: எல்லா வேலைக்கும் ஒரே கண்டிப்பு வேண்டாம். 1957-இல் டூபான்ட் நிறுவனத்தின் வாக்கரும் ரெமிங்டன் ராண்டின் கெல்லியும் வகுத்த ‘கிரிட்டிக்கல் பாத்’ என்ற திட்டமிடல் முறையில் கற்க வேண்டியது இதைத்தான். குழாய்ச் சட்டகம், பிராக்கெட், சக்கரம் தரையில் நிற்பது, பிரேக் சோதனை என்ற சங்கிலியில் ஒரு நாள் நழுவினால் கார் ஒரு நாள் தாமதமாகும். வெளிக்கூட்டின் பெயின்ட் வேலை பத்து நாள் நழுவினாலும் ஒன்றும் ஆகாது. தலைவரின் கண்காணிப்பு அந்தச் சங்கிலிக்கே தேவை.

பின்வரிசை:

நான் இரண்டாம் ஆண்டு மாணவி. வேறு கல்லூரியின் அணியில் இருக்கிறேன். 28 பேர் என்று எழுதியிருக்கிறீர்கள். எங்கள் அணியிலும் பட்டியலில் முப்பது பேர் உண்டு, இரவு எட்டு மணிக்குப் பட்டறையில் இருப்பவர்கள் ஏழு பேர். மற்றவர்கள் எல்லாரும் சோம்பேறிகள் என்று சீனியர்கள் சொல்கிறார்கள். நான் முதல் ஆண்டு முழுவதும் ஃபைபர் பாகங்களை வார்க்கும் அச்சை உப்புத்தாளால் தேய்த்தேன். எதற்காக இவ்வளவு வழவழப்பு வேண்டும் என்று ஒருவரும் சொல்லவில்லை. என்னோடு சேர்ந்த நான்கு பேர் டிசம்பருக்குள் வருவதை நிறுத்திவிட்டார்கள். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பெயர் என்ற வரைபலகை அண்ணாவின் கருத்தை நான் முழுமனத்தோடு ஆதரிக்கிறேன், ஆனால் அந்தப் பெயர்களில் ஜூனியர்களின் பெயரும் இருக்க வேண்டும். பெடல் பெட்டியின் ஒரு சிறு பிராக்கெட்டையாவது வரைவது, கடைக்குக் கொண்டுபோவது, பொருத்துவது எல்லாம் ஒருவரே என்று கொடுத்துப் பாருங்கள்.

பட்டறைவாசி:

பின்வரிசை சொன்னதைப் படித்தபோது என் தலைமைக் காலத்தில் விட்டுப்போன ஜூனியர்கள் நினைவுக்கு வந்தார்கள். அவர் சொல்வது சரி, பெயர் வேண்டும்.

ஆனால் ஒரு கணக்கை வைக்கிறேன். 28 பேரில் ஒவ்வொருவரும் மற்ற ஒவ்வொருவரோடும் பேச வேண்டுமென்றால் 378 இணைகள். ஆறு பேர் கொண்ட உட்குழுவுக்குள் அது 15 மட்டுமே. ஐபிஎம்மின் ஓஎஸ்/360 மென்பொருள் பணியை நடத்திய ஃபிரெட் புரூக்ஸ், தாமதமான மென்பொருள் பணியில் ஆளைக் கூட்டினால் தாமதம் மேலும் கூடும் என்று எழுதியதற்கு இந்தப் பெருக்கம் ஒரு முக்கியக் காரணம். வரைபலகை, எல்லா மாற்றமும் உங்கள் அனுமதி வழியாகவே என்றால் அந்த நெரிசல் முழுவதும் உங்கள் கைபேசிக்கு வந்து சேரும். செமஸ்டர் தேர்வு வாரத்தில் நீங்கள் பதில் சொல்லாத ஒவ்வொரு செய்திக்கும் ஒருவர் பட்டறையில் காத்திருப்பார். உட்குழுவுக்குள் நடப்பதை அவர்களிடமே விடுங்கள். இரண்டு குழுக்கள் தொடும் புள்ளிகளை மட்டும் நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.

வரைபலகை:

நேற்றிரவு நானும் சேசிஸ் குழுத் தோழனும் அந்தப் புள்ளிகளை எண்ணிப் பார்த்தோம். சிறியவற்றை விட்டால் 41 வந்தது. அந்த 41-க்கும் இரண்டு பக்கத்திலிருந்தும் ஒவ்வொரு பெயர் இருக்கும். அளவை மாற்ற இருவரின் கையெழுத்தும் வேண்டும். இருவரும் ஒப்பாவிட்டால் அன்றே நான் முடிவு சொல்வேன். மற்ற தேதிகளைப் பழைய புகைப்படங்களைப் பார்த்து உட்குழுக்களே எழுதட்டும்.

ஒன்றை மட்டும் விட்டுத்தர மாட்டேன். ஸ்டீயரிங்கிலிருந்தே கியர் மாற்றும் கருவியை மின்னணுவியல் குழு செய்துவருகிறது. செப்டம்பர் 15-க்குள் அது மேசைச் சோதனையில் (காரில் பொருத்துமுன் மேசையில் வைத்து இயக்கிப் பார்ப்பதில்) நூறு முறை தவறாமல் இயங்காவிட்டால், பழைய கைநெம்புகோலையே பொருத்துவோம். அந்த முடிவு என்னுடையது.

பட்டறைவாசி:

அதில் இன்னும் உடன்பாடில்லை. அந்த நூறு என்ற எண்ணையும் தேதியையும் அந்தக் குழுவே இப்போது ஜூனில் எழுதி உங்களிடம் தரட்டும். செப்டம்பரில் நீங்கள் போய்ச் சொன்னால் அது தண்டனையாகத் தெரியும், அவர்கள் எழுதியதையே படித்துக் காட்டினால் அப்படித் தெரியாது. இன்றே கேட்டுப் பாருங்கள்.

வரைபலகை:

கேட்டேன், அண்ணா. அவர்கள் எழுதித் தந்தது செப்டம்பர் 8, இருநூறு முறை.