அட்வான்ஸ் யாருடைய பணம்?

குழு: தேரடி வீடு
ஞாயிறு, காலை 9:10

நான்: எல்லோருக்கும் வணக்கம். இதை வீட்டில் பேச ஆரம்பித்தால் அம்மா அழுகிறாள், அப்பா எழுந்து வாசலுக்குப் போய்விடுகிறார். அதனால் இங்கே எழுதுகிறேன். அலுவலகத் தோழிகள் இருவரோடு சேர்ந்து சோழிங்கநல்லூரில் வாடகைக்கு வீடு எடுக்கலாம் என்று இருக்கிறேன். இரண்டு படுக்கையறை. வாடகை 24,000, என் பங்கு 8,000. அட்வான்ஸ் ஐந்து மாத வாடகை, 1,20,000. அதில் என் பங்கு 40,000.

பெரியப்பா: தாத்தா கட்டிய வீடு திருவொற்றியூரில் இருக்கும்போது அதே சென்னையில் இன்னொரு வீட்டுக்கு வாடகையா?

நான்: பெரியப்பா, சிறுசேரியில் எனக்கு வேலை முடியும்போது இரவு ஒன்பதரை. கம்பெனி வண்டி 25 கிலோமீட்டர் தொலைவுக்குள் இருப்பவர்களுக்கு மட்டும்தான். பஸ் பிடித்து கிண்டிக்கு வந்து கடைசி மெட்ரோவுக்கு ஓட வேண்டியிருக்கிறது. அதைத் தவறவிட்டால் ஆட்டோவுக்குக் கொடுப்பது அன்றைய சம்பளத்தில் பாதி.

பெரியப்பா: சிறுசேரிக்கே மெட்ரோ வரப்போகிறதே. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளக் கூடாதா?

அண்ணன்: அது மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட் வரை போகும் வழித்தடம் பெரியப்பா. வேலை இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. நம் பக்கம் 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை மெட்ரோ வந்தது நல்லதுதான். ஆனால் ரயில் வந்ததைச் சொல்லியே காலடிப்பேட்டையில் எங்கள் பழைய வீட்டுக்காரர் வாடகையை ஏற்றினார். ரயிலுக்காகக் காத்திருந்தால் வாடகை குறையும் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

சித்தி: பெண்கள் விடுதியில் சேரலாமே. அரசாங்கத்தின் தோழி விடுதி அடையாற்றிலும் தாம்பரத்திலும் இருக்கிறது. பாதுகாப்பும் உண்டு.

நான்: நல்ல இடம்தான் சித்தி. தனியாகப் போவதாக இருந்தால் முதலில் அங்கேதான் விண்ணப்பித்திருப்பேன். நாங்கள் மூன்று பேர் சேர்ந்து சமைத்துச் சாப்பிட நினைக்கிறோம். அதோடு, அம்மாவுக்கு இரண்டு நாள் என்னோடு வந்து தங்க ஒரு இடம் இருக்க வேண்டும். விடுதியில் அது முடியாது.

அம்மா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

நான்: அம்மா, நீ எழுதியதைப் படித்துவிட்டேன். நான் கோபித்துக்கொண்டு போகவில்லை.

அம்மா: கல்யாணத்துக்கு முன்னால் பெண் தனியாகப் போனால் தெருவில் கேட்பார்கள். அதை எழுதினேன். பிறகு பெரியவர்கள் இருக்கும் குழு என்று அழித்துவிட்டேன்.

ராயபுரம் அத்தை: நடுராத்திரியில் ஆட்டோவில் தனியாக வருவதைத் தெருவில் கேட்க மாட்டார்களா? அதை விடு. பணத்தைப் பேசுவோம்.

காலை 10:25

அப்பா: 40,000 நான் பார்த்துக்கொள்கிறேன். அம்மாவின் வளையலை வைத்தால் வரும்.

நான்: வேண்டாம் அப்பா. அம்மாவின் சங்கிலியே இன்னும் வங்கியில் இருக்கிறது. அண்ணனுக்குக் காலடிப்பேட்டை வீடு எடுத்தபோது வைத்தது. வட்டி கட்டிப் புதுப்பித்துக்கொண்டே இருக்கிறோம், மீட்கவில்லை. உங்களுக்கு 58 வயதாக இன்னும் மூன்று வருடம். வருங்கால வைப்பு நிதியில் ஒரு பகுதியை அண்ணன் கல்யாணத்துக்கு எடுத்தாகிவிட்டது. வேலை நின்ற பிறகு உங்களுக்கும் அம்மாவுக்கும் என்ன இருக்கும்?

அப்பா: அது என் கவலை பாப்பா.

நான்: என் கவலையும்தான் அப்பா. நாளைக்கு உங்களைப் பார்த்துக்கொள்ளப் போவது நாங்கள் மூன்று பேரும்தான். இப்போது வளையலை வாங்கிக்கொண்டு போனால், அந்தக் கடன் எங்களிடமே திரும்பி வரும்.

பெரியப்பா: பெண் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

நான்: இன்னொன்றையும் எல்லோர் முன்னாலும் சொல்லிவிடுகிறேன். கையில் 31,000 வருகிறது. 12,000 அம்மாவிடம் கொடுக்கிறேன். தம்பியின் கல்லூரிக் கட்டணத்தில் பெரும்பகுதி அதிலிருந்துதான். பிள்ளைகளுக்குப் பெற்றோர் உதவுவதைப் பற்றியே எல்லோரும் பேசுகிறார்கள். நம் தெருவில் எத்தனை வீடுகள் பிள்ளைகளின் சம்பளத்தில் ஓடுகின்றன! உதவி இரண்டு பக்கமும் போகிறது. அதைப் பேசாமல் 40,000 மட்டும் பேசினால் கணக்கு சரியாக வராது. வாடகை 8,000, சாப்பாடு 6,000, மின்சாரம், தண்ணீர், பராமரிப்பு என்று 1,500, போக்குவரத்து 1,500, மற்றவை 1,000. மொத்தம் 18,000. மீதி 13,000. இனி வீட்டுக்கு 12,000 கொடுக்க முடியாது. 7,000 கொடுப்பேன்.

அம்மா: நீ இல்லாவிட்டால் ஒரு ஆள் சாப்பாடு மிச்சம் என்று சொல்லலாம். ஆனால் 5,000 மிச்சமாகாது அம்மாடி. தையல் கூலி எந்த மாதம் எவ்வளவு வரும் என்று சொல்ல முடியாது.

தம்பி: அக்கா, இரண்டு வருடமாக நீ எனக்குக் கட்டணம் கட்டுகிறாய். மாலையில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித்தர இரண்டு வீட்டில் கேட்டிருக்கிறார்கள். என் பஸ், கைபேசிச் செலவை அதில் பார்த்துக்கொள்வேன்.

அண்ணன்: தம்பியின் தேர்வுக் கட்டணம் இனி என்னுடையது. அதைத் தாண்டி இப்போதைக்கு என்னால் உறுதி சொல்ல முடியாது. குழந்தைக்குப் பால்மாவுச் செலவே அதிகமாக இருக்கிறது.

காலை 11:40

அண்ணன்: வாடகையே இல்லாமல் ஒரு வழி இருக்கிறது. லீசுக்கு எடுக்கலாம். மேடவாக்கத்தில் ஒரு வீடு, 5 லட்சம் கொடுத்தால் இரண்டு வருடத்துக்கு வாடகை கிடையாது, காலி செய்யும்போது முழுப் பணமும் திரும்ப வரும் என்கிறார்கள். மூன்று பெண்களும் சேர்ந்து கடன் வாங்கினால்?

மாமா: மாப்பிள்ளை வீட்டுக் குழுவில் குறுக்கே பேசுவதாக நினைக்க வேண்டாம். சார்பதிவாளர் அலுவலக வாசலில் பத்திரம் எழுதிப் பிழைப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். லீஸ் என்பது நீங்கள் வீட்டுக்காரருக்கு 5 லட்சம் கடன் கொடுப்பது. அவர் ஏன் வங்கிக்குப் போகாமல் உங்களிடம் வாங்குகிறார் என்று முதலில் கேட்க வேண்டும். வீடு ஏற்கெனவே வங்கியில் அடமானத்தில் இருந்து, அவர் தவணை கட்டாமல் விட்டால், 2002-ஆம் ஆண்டு சர்ஃபேசி சட்டத்தின் கீழ் வங்கி வீட்டை எடுத்துக்கொள்ளும். குடியிருப்பவர் 5 லட்சத்துக்கு யார் பின்னால் அலைவது? இப்படிப்பட்ட குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். குழந்தைகளோடு வாசலில் நின்றார்கள்.

மாமா: எடுத்தே ஆக வேண்டும் என்றால், பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கம் பார்க்க வேண்டும், மூலப் பத்திரத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும், ஒப்பந்தத்தைப் பதிவு செய்ய வேண்டும். நடுவில் ஒரு ஆள் “வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருக்கிறார், நான்தான் பொறுப்பு” என்று சொன்னால் அங்கேயே திரும்பிவிட வேண்டும்.

அண்ணன்: சரி மாமா. லீஸ் வேண்டாம்.

நான்: ஐந்து மாத அட்வான்ஸ் கேட்பது சட்டப்படி சரியா மாமா?

மாமா: தமிழ்நாட்டில் 2017-இல் நில உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள், பொறுப்புகளுக்கான சட்டம் வந்தது. நடைமுறைக்கு வந்தது 2019 பிப்ரவரி 22. அதற்கு முன் 1960-ஆம் ஆண்டுச் சட்டம் இருந்தது. புதிய சட்டத்தில் அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது. ஆனால் இரு தரப்பும் வேறுவிதமாக ஒப்புக்கொண்டு எழுதினால் அது செல்லும். அதனால் எதிலும் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே பேச வேண்டும். மூன்று மாதம் என்றால் 72,000. உன் பங்கு 24,000 ஆகிவிடும். கேட்டுப் பார்.

நான்: கேட்டோம் மாமா. குறைக்க முடியாது, வேறு ஆள் காத்திருக்கிறார் என்றார் புரோக்கர்.

மாமா: புரோக்கர் அப்படித்தான் சொல்வார். வீட்டுக்காரரிடம் நேராகக் கேளுங்கள்.

பகல் 12:30

தம்பி: அத்தை நீளமாகக் குரல் பதிவு அனுப்பியிருக்கிறார். அப்பாவுக்குக் கேட்பது சிரமம் என்பதால் எழுதிப் போடுகிறேன்.

ராயபுரம் அத்தை: நான் மேல் போர்ஷனை வாடகைக்கு விட்டுத்தான் சாப்பிடுகிறேன். அதனால் வீட்டுக்காரர் பக்கத்தையும் கேளுங்கள். ஒருமுறை ஒரு குடும்பம் மூன்று மாத வாடகையும் மின் கட்டணமும் பாக்கி வைத்துவிட்டுப் போனது. அட்வான்ஸ் இருந்ததால் தப்பித்தேன். அதற்காகத்தான் வாங்குகிறோம், பேராசையால் அல்ல. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அட்வான்ஸ் பணத்தை வீட்டுக்காரர்கள் பெட்டியில் வைத்திருப்பதில்லை. மகள் கல்யாணத்துக்கு, மாடி கட்ட, மருத்துவமனைக்கு என்று செலவாகிவிடும். காலி செய்யும்போது அடுத்த குடித்தனக்காரர் கொடுக்கும் அட்வான்ஸை வாங்கித்தான் பழையவருக்குத் தருவார்கள். அதுவரை இழுத்தடிப்பார்கள். பெயிண்ட் அடிக்க ஒரு மாத வாடகையையும் பிடித்துக்கொள்வார்கள்.

ராயபுரம் அத்தை: ஆகையால் கண்ணு, அந்த 40,000 செலவு இல்லை. உன் பெயரில் வேறொருவர் கையில் தூங்கும் குடும்பப் பணம். யார் கொடுத்தார்கள், யாருக்குத் திரும்ப வர வேண்டும் என்று முதல் நாளே எழுதி வைக்க வேண்டும். உன் அண்ணனுக்கு உன் அப்பா 60,000 கொடுத்தார். அது இப்போது எங்கே இருக்கிறது? இந்தக் குழுவில் யாருக்காவது தெரியுமா?

அண்ணன்: வீட்டுக்காரரிடம்தான் அத்தை. பழைய வீட்டைக் காலி செய்தபோது திரும்ப வந்ததை அப்படியே இந்த வீட்டுக்குக் கொடுத்தேன்.

ராயபுரம் அத்தை: தப்பென்று சொல்லவில்லை. கணக்கில் இல்லை என்கிறேன். மகனுக்குக் கொடுத்தது உதவி என்று போய்விட்டது. மகள் கேட்கும்போது மட்டும் பணம் எங்கே என்று வீடே தேடுகிறது.

அண்ணி: அத்தை, மாமா, நான் பேசலாமா? எனக்கு இந்த மாதம் சீட்டுப் பணம் கையில் வருகிறது. குழந்தையின் தடுப்பூசிக்கும் கேஸுக்கும் எடுத்து வைத்தது போக 14,000 மிஞ்சும். மாமனார் கொடுத்த 60,000-க்கு முதல் தவணையாக அதை அவளுடைய அட்வான்ஸுக்குத் தருகிறோம். உதவி என்று எழுத வேண்டாம். திருப்பிக் கொடுத்தது என்றே எழுதுங்கள்.

அண்ணன்: ஆமாம். நேற்று இரவே நாங்கள் இருவரும் பேசிவிட்டோம். மீதி 46,000 இந்த வீட்டைக் காலி செய்யும்போது அப்பாவின் கணக்குக்கு நேராகப் போகும்.

அம்மா: மருமகளே, நீ நன்றாக இருக்க வேண்டும்.

நான்: அண்ணி, மனமார்ந்த நன்றி. எனக்கு மொத்தம் தேவைப்படுவது அட்வான்ஸ் 40,000, முதல் மாத வாடகை 8,000, புரோக்கர் கூலியில் என் பங்கு 8,000. 56,000 ஆகிறது. என்னிடம் 22,000 இருக்கிறது. அண்ணியின் 14,000 சேர்த்தால் 36,000.

ராயபுரம் அத்தை: மீதி 20,000 நான் தருகிறேன். கடனாகத்தான். வட்டி வேண்டாம். மாதம் 3,000 கொடு. எனக்கும் மாடி ஓட்டை அடைக்க வேண்டும், மழைக்காலத்துக்கு முன் வந்தால் போதும்.

அப்பா: என் மகளுக்கு அக்கா கொடுப்பதா? எனக்கு ஒரு மாதிரியாக இருக்கிறது.

ராயபுரம் அத்தை: தம்பி, நம் அப்பா இறந்த வருடம் என் கணவர் வேலைநிறுத்தத்தில் சம்பளம் இல்லாமல் இருந்தார். அன்றைக்கு அரிசி மூட்டையை யார் அனுப்பினார்கள்? நான் சொல்லிக் காட்டவில்லை. கொடுத்து வாங்குவது நமக்குப் புதிதில்லை என்கிறேன்.

பிற்பகல் 3:05

நான்: அப்பா, வளையல் வீட்டிலேயே இருக்கட்டும். நீங்கள் எனக்குச் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. வீட்டுக்காரரோடு பேச எங்களோடு வாருங்கள். மூன்று பெண்கள் மட்டும் போனால் அட்வான்ஸைக் குறைத்துப் பேச விட மாட்டேன் என்கிறார்கள்.

அப்பா: வருகிறேன். மச்சானும் வரட்டும்.

மாமா: நிச்சயம் வருகிறேன் மாப்பிள்ளை. ஒப்பந்தத்தை நானே எழுதுகிறேன். மூன்று பெண்களின் பெயரும் வாடகைதாரராக இருக்க வேண்டும். யார் எவ்வளவு அட்வான்ஸ் கொடுத்தார்கள் என்று தனித்தனியாகப் போட வேண்டும். நடுவில் ஒருத்திக்குக் கல்யாணமானால் மற்ற இருவர் மாட்டிக்கொள்ளக் கூடாது, புதிதாக வருபவள் அவள் பங்கைக் கொடுத்து உள்ளே வரலாம் என்று ஒரு வரி சேர்க்கிறேன். பெயிண்டுக்கு எவ்வளவு பிடிக்கலாம் என்றும் எழுதிவிடுவோம். காலி செய்தால் ஒரு மாதத்துக்குள் அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும் என்று சட்டத்திலேயே இருக்கிறது. அதையும் ஒப்பந்தத்தில் எழுதினால் வீட்டுக்காரர் மறக்க மாட்டார். பிறகு வாடகை இணையதளத்தில் பதிவு செய்து பதிவு எண் வாங்க வேண்டும். அந்த எண் இல்லாவிட்டால் நாளைக்கு வாடகை நீதிமன்றம் என்று போனால் நம் பக்கம் பலமிருக்காது.

நான்: மின்சாரத்துக்கு யூனிட் 9 ரூபாய் என்கிறார் மாமா. தனி மீட்டர் இல்லையாம்.

மாமா: இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் அரசாங்கம் எல்லா வீட்டுக்கும் இலவசமாகத் தருகிறது. உங்களிடம் முதல் யூனிட்டிலிருந்தே 9 ரூபாய் வாங்குவது நியாயமில்லை. தனி இணைப்பு இருக்கும் வீடா என்று முதலில் கேளுங்கள். இல்லையென்றால் மாதம் பல நூறு ரூபாய் கூடுதலாகப் போகும். வாடகையில் 500 குறைப்பதைவிட இது முக்கியம்.

அம்மா: குடிதண்ணீர் லாரித் தண்ணீரா, குழாய்த் தண்ணீரா?

நான்: ஆழ்துளைக் கிணறும் லாரியும் அம்மா. குடிக்கக் கேன்.

அம்மா: அப்படியானால் நீ எழுதிய 1,500 போதாது. 2,000 என்று வைத்துக்கொள். எனக்குக் கொடுக்கும் 7,000-இல் 500 குறைத்துக்கொள். அதற்காகச் சாப்பாட்டில் கை வைக்காதே.

பெரியப்பா: என் பங்குக்குச் சமையலறைச் சாமான் வாங்கித் தருகிறேன். இது கடன் இல்லை. யாரும் எழுத வேண்டாம்.

நான்: சரி பெரியப்பா. எழுதவில்லை.

மாலை 6:20

நான்: வீட்டுக்காரரிடம் நேராகப் பேசிவிட்டேன். புதன்கிழமை மாலை வரச் சொல்கிறார். அட்வான்ஸ் நான்கு மாதம் என்றால் யோசிக்கிறேன் என்றார். நான்கு மாதமானால் என் பங்கு 32,000. அத்தை, அப்போது உங்களிடம் 12,000 வாங்கினால் போதும்.

ராயபுரம் அத்தை: நல்லது. மூன்று மாதத்திலிருந்தே பேச்சை ஆரம்பிக்கச் சொல். பணத்தை வங்கி வழியாக வீட்டுக்காரர் கணக்குக்கு அனுப்பு. கையில் ரொக்கமாகக் கொடுக்காதே, புரோக்கரிடம் டோக்கன் என்றும் கொடுக்காதே.

மாமா: வீட்டு வரி ரசீது, மின் இணைப்பு எண், வீட்டுக்காரரின் ஆதார் நகல் மூன்றையும் செவ்வாய்க்கிழமைக்குள் எனக்கு அனுப்பச் சொல். பார்த்துவிட்டுத்தான் முத்திரைத்தாள் வாங்குவேன்.

நான்: இன்றைக்கே கேட்டு அனுப்புகிறேன் மாமா.

அப்பா: புதன்கிழமை அரை நாள் விடுப்பு சொல்லிவிட்டேன். தேரடியில் மூன்று மணிக்கு மெட்ரோ ஏறலாம். அம்மாவும் வருகிறாள், சமையலறையைப் பார்க்க வேண்டுமாம்.