ஒரு டப்பா கேமுக்கு நாலு மாசமா?

கொக்கிரகுளத்தான்:
ஒருவழியாக முடித்துவிட்டேன். ‘டிரான்ஸ்பார்மர்ஸ்: கான்வாய் நோ நாசோ’. 1986 டிசம்பரில் தகாரா கம்பெனி பேமிகாமுக்கு, அதாவது நின்டென்டோவின் டிவி கேம் பெட்டிக்கு, விட்டது. மோசமான கேம்களுக்குப் பட்டியல் போடும் ஜப்பான்காரர்கள் இதை மறப்பதே இல்லை. ஸ்டார்ட் அழுத்திய சில நொடிகளில், கண்ணுக்கே சரியாகத் தெரியாத ஒரு பொட்டுக் குண்டு பட்டு நாம் ஆட்டுவிக்கும் ரோபோ அல்ட்ரா மேக்னஸ் காலி. ஒரே அடிதான். அதை எமுலேட்டரில் (கம்ப்யூட்டரில் அந்தப் பெட்டியைப் போல ஓடும் மென்பொருள்) பிரேம் பிரேமாக நகர்த்தி, கருவி உதவியோடு கேமை முடிந்தவரை சீக்கிரம் முடிக்கும் ஓட்டமாக, டூல் அசிஸ்டெட் ஸ்பீட்ரன், சுருக்கமாக டாஸ், ஆக்கியிருக்கிறேன். நாலு மாத வேலை. என் பழைய ஓட்டத்தைவிட 14 பிரேம் குறைவு. ஃபைலை இணைத்திருக்கிறேன், பாருங்கள்.

டவுன்_அண்ணாச்சி:
நொடிக்கு 60 பிரேம். 14 என்றால் கால் நொடிகூட இல்லை. அதற்கு நாலு மாசமா வே?
ரத வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் டிவி கேம் கடை வைத்திருந்தவன் நான். அரை மணிக்கு அஞ்சு ரூபாய். அழுத்திப் பிடித்தாலே தானாகப் படபடவென்று சுடும் டர்போ பட்டன் உள்ள ஜாய்ஸ்டிக் வந்தால் கல்லாப்பெட்டிக்குள் போட்டுப் பூட்டிவிடுவேன். கட்டைவிரல் தோல் உரியாமல் இருக்கச் சட்டை நுனியைச் சுற்றிக்கொண்டு பட்டனைத் தட்டுவான்கள் பையன்கள். அது ஆட்டம். நீர் செத்தால் ஒரு பிரேம் பின்னால் போகிறீர், மறுபடி சாகிறீர், மறுபடி போகிறீர். எங்கள் கடையில் இதற்குப் பேர் கள்ளாட்டம்.

தென்காசித்_தூறல்:
அண்ணாச்சி, கள்ளாட்டம் என்றால் மறைக்க வேண்டாமா? இவர்தான் ஃபைலையே கொடுத்துவிட்டாரே. எந்த பிரேமில் எந்த பட்டன் என்று அதில் வரிசையாக இருக்கிறது, வேறு ஒன்றும் இல்லை. 2003-இல் ஒரு ஜப்பான்காரர் சூப்பர் மரியோ பிரதர்ஸ் 3-ஐப் பதினோரு நிமிடத்தில் முடித்த வீடியோ நெட்டில் சுற்றியது. விளக்கம் ஏதும் இல்லாமல் வீடியோ மட்டும் கைமாறிப் போனதால் நிஜக் கைதான் ஆடுகிறது என்று ஊரே வாய்பிளந்தது. உண்மை தெரிந்ததும் அவரைத் திட்டித் தீர்த்தார்கள். இப்போது டாஸ் என்று நெற்றியில் எழுதி ஒட்டித்தான் போடுகிறார்கள். கையால் ஆடுபவர்களோடு இவர் போட்டிக்கும் நிற்கவில்லை.

மேலப்பாளையம்_எட்டுபிட்:
கருவியில் எனக்குச் சண்டை இல்லை. கேம்தான் இடிக்கிறது. டாஸ்களை வாங்கி வெளியிடும் டாஸ்வீடியோஸ் தளத்திலேயே முன்பெல்லாம் கேம் தேர்வு சரியில்லை என்று தள்ளிவிடுவார்கள். பிறகுதான் வால்ட் என்று ஒரு பிரிவு வைத்து, போரடித்தாலும் பரவாயில்லை, வேகமாக இருந்தால் போதும் என்றார்கள். நல்ல கேமை உடைத்தால் பார்க்கவாவது சுகம். இதில் என்ன இருக்கிறது?

கொக்கிரகுளத்தான்:
நல்லா எழுதிய கேமில் ஓட்டை தேட வேண்டும். இதில் எங்கே தொட்டாலும் இடறுகிறது, அதுதான் பாய் ருசி.
ஒன்று சொல்கிறேன். பேமிகாம் சிப் 1.79 மெகாஹெர்ட்ஸ். திரையில் எதிரிகள் குவிந்தால் ஒரு பிரேமுக்குள் கணக்கை முடிக்க முடியாமல் திணறும். அந்த பிரேமில் நாம் எந்த பட்டனை அழுத்தினாலும் அது கவனிக்காது. லேக் பிரேம். ஒரு இடத்தில் எதிரியைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தேன், அதுதானே வேகம் என்று. ஒருநாள் கடுப்பில் நின்று அவனைச் சுட்டேன். நின்றதில் 4 பிரேம் போச்சு. ஆனால் அவன் ஒழிந்ததும் திணறல் நின்று 9 பிரேம் திரும்பி வந்தது. ராத்திரி இரண்டரை மணி. கத்தியதில் வீட்டில் எல்லோரும் எழுந்துவிட்டார்கள்.

டவுன்_அண்ணாச்சி:
கத்தியது சரி. அந்தக் கேசட் என் கடையிலும் இருந்தது. பாட்டப்பத்திலிருந்து வந்த ஒரு பையன் அஞ்சு ரூபாயையும் அதிலேயே தொலைத்துவிட்டு அழுதுகொண்டு போனான். உம்முடைய பொம்மையை அவன் பார்த்தால் என்ன சொல்வான்? உண்மையான பெட்டியில் ஓட்டிக் காட்டும், ஒத்துக்கொள்கிறேன்.

தென்காசித்_தூறல்:
அதுவும் நடந்திருக்கிறது. 2014 ஜனவரியில் அமெரிக்காவில் ஒரு நிகழ்ச்சியில் டாஸ்பாட் என்ற கருவியை நிஜமான சூப்பர் நின்டென்டோவில் ஜாய்ஸ்டிக் செருகும் இடத்தில் மாட்டி, சூப்பர் மரியோ வேர்ல்டுக்குள்ளேயே பாங், ஸ்னேக் என்று வேறு கேம்களையே ஓட வைத்தார்கள்.

கொக்கிரகுளத்தான்:
அண்ணாச்சி பெட்டியில் ஓடாது, தூறல். நம்ம ஊரில் விற்றவை பேமிகாம் நகல்கள், அதிலும் அநேகம் நம்ம ஊர் டிவி முறையான பால் (PAL) முறைக்காக நொடிக்கு 50 பிரேம் ஓடுபவை. என் ஃபைல் 60-க்கு எழுதியது. முதல் திரையிலேயே தடம் மாறி மேக்னஸ் செத்துவிடுவார்.

டவுன்_அண்ணாச்சி:
அப்போ என் கடையில் எல்லாமே மெதுவாகத்தான் ஓடியதா?

கொக்கிரகுளத்தான்:
ஆறில் ஒரு பங்கு மெதுவாக.

டவுன்_அண்ணாச்சி:
அந்தப் பையன் செத்தது மெதுவான குண்டிலா! சவத்தெ, சொல்லாமல் இருந்திருக்கலாம் நீர்.
பெட்டி இன்னும் பரணில் கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வாரும், 50-க்கு ஒன்று எழுதிப் பார்ப்போம். கள்ளாட்டம் கள்ளாட்டம்தான், அதில் மாற்றம் இல்லை.